காற்றுப் பலகையும் கெட்டிப் பலகையும்

நீரின்மேல் நின்றபடி துடுப்பு வலித்துச் செல்லும் பலகை இருவகைப்படும்: காற்றடைத்தது, கெட்டியானது. இலக்கண நூலார் பாணியில் இப்படித் தொடங்குவது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் கடந்த சில மாதங்களாக எங்கள் ஆசிரியர் அறையில் நடந்துவரும் விவாதம் இலக்கண விவாதங்களுக்கே உரிய பிடிவாதத்தோடுதான் நடந்தது. நாங்கள் மூவர். ஒருவர் இயற்பியல், ஒருவர் வணிகவியல், எஞ்சியவர் தமிழ். மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள். மூவருக்கும் நீச்சல் தெரியும். மூவருமே அத்திப்பட்டிலும் அதையொட்டிய புதுநகரிலும் குடியிருப்பவர்கள். ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரே ஒரு பலகை வாங்குவது என்று முடிவாயிற்று. எந்தப் பலகை என்பதுதான் முடிவாகவில்லை. அந்த வழக்கு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருளை அறிமுகப்படுத்திவிடுவோம். ஆங்கிலத்தில் ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு எனப்படும் இப்பலகை ஏறத்தாழ 10 அடி நீளமும் இரண்டரை அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்டது. அதன்மேல் நின்று, தலைக்கு மேல் ஒரு சாண் உயரும் ஒற்றைத் துடுப்பால் இருபுறமும் மாற்றி மாற்றி வலித்துச் செல்ல வேண்டும். அலைச்சறுக்குக்குப் பெயர்போன ஹவாய்த் தீவுகளிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவிய விளையாட்டு இது. நம் பக்கத்தில் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் வேர்விட்டது. மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் அங்கே ஓர் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். 2013இல் அலைச்சறுக்குத் திருவிழாவும் தொடங்கிற்று. அதே கோவளத்திலிருந்து வந்த சேகர் பச்சை, துடுப்புப் பலகையில் தேசிய அளவில் வாகை சூடியவர். கடலோரத்துப் பிள்ளைகள் அயல்நாட்டு விளையாட்டைச் சில ஆண்டுகளிலேயே தமதாக்கிக்கொண்டது பலருக்கு வியப்பளித்தது. அதில் வியக்க ஒன்றுமில்லை என்பது எங்கள் துணிபு. அதன் காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

காற்றுப் பலகை என்றதும் பலரும் குழந்தைகளின் நீச்சல் வளையத்தையே நினைக்கிறார்கள். எங்களுள் வணிகவியலாரும் அப்படித்தான் நினைத்தார். "பொருட்காட்சியில் விற்கும் பலூனுக்கு இவ்வளவு விலையா?" என்பது அவருடைய முதல் கேள்வி. இயற்பியலார் விளக்கினார். பலூனில் காற்றடைத்தால் அது உருண்டைதான் ஆகும், தட்டையாக நிற்காது. தட்டையாக நிற்க வேண்டுமானால் மேல் துணியையும் கீழ்த் துணியையும் உள்ளிருந்து ஒன்றோடொன்று பிணைத்தாக வேண்டும். காற்றுப் பலகையின் உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள் செங்குத்தாக நெய்யப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இழையும் ஒரே நீளம். காற்று நிரம்ப நிரம்ப இழைகள் விறைக்கின்றன. பலகை பலகையாக நிற்கிறது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1956இல் காற்றடைத்துப் பறக்கும் சிறு விமானம் ஒன்றைச் செய்தபோது அதன் இறக்கைகளுக்குக் கையாண்ட உத்தியும் இதுவே.

அழுத்தம் எவ்வளவு? சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 பவுண்டு வரை. காரின் டயரில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. இயற்பியலார் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார்: 15 பவுண்டு என்றால் ஒரு சதுர அடிப் பரப்பை உள்ளிருந்து தள்ளும் விசை 2,160 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவு விசையையும் அந்த இழைகளே தாங்கி நிற்கின்றன. கையால் தட்டினால் மேசையைத் தட்டியது போல் ஓசை எழுவது இதனால்தான். வணிகவியலார் பலூன் என்ற சொல்லை அன்றோடு விட்டுவிட்டார்.

கெட்டிப் பலகையின் உள்ளே இருப்பது நாமெல்லாரும் அறிந்த பொருள்தான். தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வருகிறதே, கல்யாண மேடையில் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டுகிறார்களே, அந்தத் தெர்மோகோலின் அடர்த்தியான வடிவம். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி எபாக்சிப் பிசின் பூசி இறுக்கியிருப்பார்கள். நடுவே நெடுக்காக ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடுவதும் உண்டு. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் தெர்மோகோல் துண்டுகளைச் சாக்கில் பொதிந்து கட்டி, அதன்மேல் அமர்ந்து வலை விடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கெட்டிப் பலகையும் கொள்கையளவில் அதுவே, போர்வைதான் விலையுயர்ந்தது.

இனி இரண்டின் குணங்குற்றங்கள். நீரில் வழுக்கிச் செல்லும் வேகத்திலும், திருப்பினால் திரும்பும் நயத்திலும் கெட்டிப் பலகையே மேல். அதன் விளிம்புகளைத் தேவைக்கேற்ப மெலிதாகவும் கூராகவும் செதுக்க முடியும். காற்றுப் பலகையின் விளிம்போ எப்போதும் உருண்டைதான். முன்னணிப் போட்டியாளர்கள் பெரும்பாலும் கெட்டிப் பலகையையே நாடுவது இதனால்தான். அடுத்தது தடிமன். கெட்டிப் பலகை 4 முதல் 5 அங்குலம். காற்றுப் பலகை பெரும்பாலும் 6 அங்குலம். தடித்ததால் அதன் கொள்ளளவு 300 லிட்டர் வரை போகிறது. ஆளும் பலகையும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், நீரை விலக்க 85 லிட்டரே போதும். மீதியெல்லாம் நீருக்கு மேலே நின்று காற்றை வாங்கும். நம் கடற்கரையில் கோடைக்காலத்து முற்பகல் கடந்ததும் கீழ்த்திசையிலிருந்து கடற்காற்று புகுமே, அந்தக் கொண்டலை எதிர்த்துக் காற்றுப் பலகையில் துடுப்பு வலிப்பது மெய்யாகவே தோள் நோகும் வேலை.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். விடியலில் 30 பாகை வெப்பத்தில் 15 பவுண்டுக்கு நிரப்பிய பலகையைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், மதிய வெயிலில் உள்ளிருக்கும் காற்று 60 பாகையைத் தொடலாம். அப்போது அழுத்தம் 18 பவுண்டை நெருங்கும். ஒட்டு விடுவது இப்படித்தான். நிழலில் வைக்க வேண்டும். இல்லையேல் சிறிது காற்றை இறக்கிவிட வேண்டும். கெட்டிப் பலகைக்கும் வெயில் பகைதான். கண்ணாடியிழைப் போர்வை உள்ளே இருக்கும் தெர்மோகோலைவிட்டுப் பிரிந்து குமிழியிடும்.

பழுது பார்ப்பதில் ஒரு செய்தி எங்களுக்குப் புதிது. கெட்டிப் பலகை கல்லில் மோதி விரிசல் விட்டால் தெர்மோகோலுக்குள் நீர் புகும், பலகை கனக்கும். வடசென்னைக் கடற்கரையில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தோம். ஆனால் படகுகளுக்கு வழக்கமாகப் பூசும் பாலியெஸ்டர் பிசின் பட்டால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். எபாக்சிப் பிசின்தான் பூச வேண்டும். வாங்க நினைப்பவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. காற்றுப் பலகையின் கிழிசலோ சைக்கிள் பஞ்சர் ஒட்டும் வேலையை ஒத்தது. உடன் தரும் பிசினும் துண்டும் போதும். ஆனால் முகத்துவாரங்களில் கல்லிலும் தூணிலும் ஒட்டிக் கிடக்கும் சிப்பிகளின் விளிம்பு கத்திக்கு நிகரானது. அதன்மேல் இழுபட்டால் நீளவாக்கில் கிழியும். அதற்கு ஒட்டுத்துண்டு போதாது.

இதுவரை வழக்கு சமநிலையில் நின்றது. தமிழ் படித்தவருக்கு இங்கேதான் இடைமறிக்க வாய்ப்புக் கிடைத்தது.

இந்தக் கரைக்கு இந்த வினா புதியதன்று. நம் பழைய நூல்களில் நீர்க்கலங்களுக்கு எத்தனை பெயர்கள்! புணை, தெப்பம், மிதவை, அம்பி, பஃறி, திமில், தோணி, வங்கம், நாவாய். இவற்றுள் புணை என்பது கட்டப்பட்டது. பிணைத்தலோடு உறவுடைய சொல். சங்கப் பாடல்களில் புதுப்புனல் ஆடும் மகளிர் பற்றிக்கொள்வதும் புணையே. பேராற்றின் வழியே அடித்துச் செல்லப்படும் வாழ்வுக்குக் கணியன் பூங்குன்றனார் கண்ட உவமையும் புணையே. அந்தப் புணையின் கடல் வடிவந்தான் கட்டுமரம். கட்டுமரத்துக்கு உள்கூடு கிடையாது. ஏறி அமரும் குழிவு கிடையாது. செதுக்கிய கட்டைகளைத் தென்னங்கயிற்றால் வரிந்து கட்டிய பலகை அது. அதன்மேல் முழந்தாளிட்டும் நின்றும் துடுப்புப் போடுவார்கள். அலை மேலே ஏறி இடுக்குகள் வழியே வடிந்துவிடும். நிரம்பவும் முடியாது, ஆகவே மூழ்கவும் முடியாது. ஆங்கிலத்தில் கேட்டமரான் என்ற சொல் இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்துக்குப் பெயராகிப் போனது. ஆனால் நின்று துடுப்பு வலிக்கும் பலகைக்குத்தான் அந்தச் சொல் உண்மையில் பொருந்தும். கோவளத்துப் பிள்ளைகள் விரைந்து கற்றதில் வியப்பில்லை என்றோமே, அதன் காரணம் இதுதான். அவர்களுடைய பாட்டன்மார் நின்ற பலகையில் அவர்கள் நின்றார்கள்.

கட்டுமரம் கெட்டிப் பலகையா? ஆம், கட்டை கெட்டியானதுதான். ஆனால் அதற்கெனத் தேர்ந்தெடுக்கும் மரம் இலகுவானது, நீரை உறிஞ்சுவது. எனவே கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர விட வேண்டும். மறுநாள் மீண்டும் கட்ட வேண்டும். அதாவது, நீரில் ஒன்றாகவும் கரையில் பலவாகவும் இருப்பது அதன் இயல்பு. காற்றுப் பலகைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சுருட்டி வைக்கும் வசதிக்கு நம்மவர்களின் விடை அது.

விறைப்பா நெகிழ்வா என்ற வினாவுக்கும் இந்தக் கரை விடை கண்டிருந்தது. துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், கப்பலில் வந்தவர்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்போது படகின் உடல் நெளிந்து கொடுத்தது. ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் அதே அலையில் உடைந்தன. காற்றுப் பலகையும் அலையில் சற்றே நெளியும். அதைக் குறையாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். சோழமண்டலக் கரையில் பிறந்தவர்கள் அதை அவ்வளவு எளிதாகக் குறை என்று ஒதுக்கிவிட இயலாது.

கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் பிடித்த கதையும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1979இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில் அலை தாண்டி ஏற்றக்கூடிய கண்ணாடியிழைப் படகுகளை அது வடிவமைத்துச் சோதித்தது. ஆனால் பெரும் மாற்றம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரே வந்தது. இழந்த மரங்களுக்கு ஈடாகக் கிடைத்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள், எந்திரத்தோடு. அதன்பின் குப்பங்களில் கட்டைகளை அவிழ்த்து உலர்த்தும் காட்சி ஆண்டுக்காண்டு அருகிப் போயிற்று.

இவ்வளவும் பேசியபின் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம் ஒன்றில் வாழும் பெரியவர் ஒருவரைக் காணச் சென்றோம். அவருடைய பேரன் எங்களிடம் பயின்றவன். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபரில் முடிந்தது அவருடைய கடல் வாழ்வு. கைப்பேசியில் இரு பலகைகளின் படங்களையும் காட்டி, எது நல்லது என்று கேட்டோம். நெடுநேரம் பார்த்தார்.

"எது ஒசத்தின்றது அப்பறம் சார். தண்ணிய வுட்டு ஏறுனா அத எங்க போடுவீங்க?"

"வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போகணும், ஐயா."

"அப்ப காத்து வெச்சதுதான். மரத்த எவன் ஊட்டுக்கு எடுத்துனு போவான்? எங்க மரம் கரையிலதான் கெடந்துச்சு. அவுத்துப் போட்டுட்டு வந்தா விடியக்கால அப்படியே கெடக்கும். கரை இருக்கறவனுக்குக் கட்டை சார். கரை இல்லாதவனுக்குக் காத்து."

மூன்று மாத விவாதத்தை அவர் ஒரே கேள்வியில் முடித்துவைத்தார். நாங்கள் பலகையை நீரில் வைத்தே எடைபோட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் எந்தப் பலகையும் நீரில் இருப்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அது எங்கோ கிடக்க வேண்டும். 10 அடிப் பொருளைக் கிடத்த எங்களுக்கு எந்த இடம் இருக்கிறது? இரண்டாம் மாடி வீடு. திருப்பமுள்ள குறுகிய படிக்கட்டு. கார் இல்லாத இருவர்.

அத்திப்பட்டு என்றதும் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். 2001இல் வந்த 'சிட்டிசன்' திரைப்படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமற்போகும் அத்திப்பட்டி என்ற ஊரை நினைத்துக்கொண்டு, "உங்கள் ஊர் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊர் இருக்கிறது. சென்னை – கும்மிடிப்பூண்டிப் புறநகர்த் தடத்தில் அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என இரண்டு நிலையங்களாகவே இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. 2001இல் இயங்கத் தொடங்கி 2014இல் காமராசர் துறைமுகம் என்று பெயர் மாறிய எண்ணூர்த் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. வல்லூர் மின் நிலையம் இருக்கிறது. இவற்றுக்கிடையே கொசஸ்தலை ஆறும், பக்கிங்காம் கால்வாயும், அவை வந்து சேரும் எண்ணூர்க் கழியும் இருக்கின்றன. அலையில்லாத, அகன்ற, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. துடுப்புப் பலகைக்கென்றே அமைந்தது போன்ற நீர் எங்கள் வீடுகளிலிருந்து மிதிவண்டித் தொலைவில் கிடக்கிறது.

ஆனால் அதில் இறங்க முடியுமா? துடுப்புப் பலகையில் நிற்பவர் விழுவார்; தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது விழுவார். ஆகவே நீரில் முகம் புதையும் என்ற கணக்கோடுதான் நீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு நிலக்கரிச் சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டுசெல்லும் குழாய்கள் பல ஆண்டுகள் கழியில் கசிந்தன. சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது என்று மீனவர்கள் தொடர்ந்து முறையிட்டு வந்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கசிந்த எண்ணெயை ஆட்கள் வாளிகளால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குள் புகுந்தது. படகுகள், வலைகள், வீட்டுச் சுவர்கள், அலையாத்தி மரங்களின் வேர்கள், கூழைக்கடாக்களின் இறகுகள் என அனைத்தின்மேலும் கறுப்பு ஏறிற்று. அந்த எண்ணெய் முழுதாக நீங்கும் முன்னரே, அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு ஓட நேர்ந்தது.

இந்நீரில் நாங்கள் விளையாடப் போவதில்லை. அதே நீரில் இறங்கி நின்று இறால் தேடுபவர்கள் அன்றாடம் இறங்குகிறார்கள். அவர்களுக்குத் தேர்வு இல்லை. எங்களுக்குத் தேர்வு இருக்கிறது என்பதே எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு. அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு எண்ணூர் நீரைப் பற்றி இரங்கல் பாடுவதில் நேர்மை இருக்காது.

வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்டார்கள். சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உப்புநீர் ஏரி. பூநாரைகள் வந்திறங்கும் பறவைப் புகலிடம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர்காப்புச் சட்டை அணியாத பயணம் அது. அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மேலும், அந்த ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எங்கே வலை விடலாம் என்பதைப் பாடு என்ற பழைய முறை வகுத்து வைத்திருக்கிறது. முறை வைத்து உழைக்கும் நீரில், முறை கேட்காமல் பொழுதுபோக்காகப் புகுவது முறையன்று என்று கருதினோம்.

எஞ்சியது தெற்கு. முட்டுக்காடும் கோவளமும். வீட்டிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் சென்ட்ரல்; சாலையைக் கடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில்; திருவான்மியூரில் இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து. இந்த வழியில் 10 அடிக் கெட்டிப் பலகை பயணம் செய்யாது. முதுகில் தொங்கும் பைக்குள் சுருண்டு கிடக்கும் காற்றுப் பலகைதான் செய்யும். பலகை 10 கிலோ, பம்பும் துடுப்பும் மற்றவையும் 5 கிலோ. முதல் ரயிலில் பால் கேன்களுக்கும் பூக்கூடைகளுக்கும் இடையே அதுவும் ஒரு மூட்டை.

ஆகவே காற்றுப் பலகையையே வாங்கினோம். எங்களைப் போல் மாடி வீட்டிலிருந்தும் பேருந்திலிருந்தும் நீரைத் தேடிப் போகிறவர்களுக்கு அதையே சொல்வோம். இரண்டு அடுக்குத் துணி கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். இருவழிப் பம்பின் கடைசி மூன்று பவுண்டுதான் கடினம். அதைச் சோம்பி விட்டுவிட்டால் பலகை நடுவே தொய்யும், நிற்பவரும் விழுவார். உப்பு நீரில் போய்வந்தால் நன்னீரில் கழுவி, உலர்த்தி, பிறகே சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். காலிலே கயிறும் உடலிலே மிதவைச் சட்டையும் எப்போதும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, வாடகைப் பலகையில் நான்கைந்து முறை போய்ப் பாருங்கள். இது எங்கள் வணிகவியலாரின் அறிவுரை, நாங்கள் பின்பற்றியது. தோட்டமும் காரும் உள்ளவர்கள், அல்லது நீருக்கு அருகிலேயே குடியிருந்து அந்நீரில் அச்சமின்றி இறங்க முடிந்தவர்கள், தயங்காமல் கெட்டிப் பலகையை வாங்கலாம். நீரின்மேல் அது தரும் வழுக்கலைக் காற்றுப் பலகை ஒருபோதும் தராது.

அந்தப் பட்டியலில் நாங்களும் இருந்திருக்க வேண்டியவர்கள் என்ற எண்ணம்தான் விலகவில்லை. நீருக்கு அருகில்தான் குடியிருக்கிறோம். எங்கள் ஊர்க் கழி எண்ணெயும் சாம்பலும் இல்லாமல் இருந்திருந்தால், கரையோரக் குடிசை ஒன்றின் நிழலில் கெட்டிப் பலகையைக் கிடத்திவிட்டு வந்திருப்போம். கட்டுமரங்கள் கிடந்தது போல அது அங்கேயே கிடந்திருக்கும். சுருட்டி எடுத்துப் போக முடிகிறது என்று நாங்கள் மெச்சும் வசதி, எங்கள் வாசல் நீரைக் கைவிட்டுவிட்டு வேறு நீருக்குப் போகும் வசதிதான். அதை வாங்கியதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்த வசதி எதற்காகத் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை. வாரந்தோறும் முட்டுக்காட்டுக்குப் போய்வரும் பழக்கம் வந்துவிட்டால், கொசஸ்தலை ஆற்றைப் பற்றிய பொதுக்கூட்டங்களுக்கும் கருத்துக்கேட்புகளுக்கும் போகும் பழக்கம் விட்டுப்போகக்கூடும். எனவே இரண்டுக்கும் போவது என்று மூவரும் பேசிவைத்திருக்கிறோம்.

வணிகவியலார் எங்கள் பொதுச் செலவுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். பலகை, பம்பு, சட்டைகள், ரயில் கட்டணம் என்று நான்கு பத்திகள். அடுத்த பக்கத்தில் 'கெட்டிப் பலகை – எண்ணூர்' என்று தலைப்பிட்டு, மாதந்தோறும் ஆளுக்கு 200 ரூபாய் சேர்த்து வருகிறோம். வாங்கும் நாள் என்ற கட்டத்தை அவர் நிரப்பவில்லை. இடம் என்ற கட்டத்தில் மட்டும் அந்தப் பெரியவரின் குப்பத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.